கிரேன் பாதையின் கோடியில் எந்த ஸ்டாப்பர்? துவாஸ் பட்டறை ஒன்றின் கணக்கு

சிங்கப்பூரின் துவாஸில் நான் வேலை செய்யும் பட்டறையில் தலைக்கு மேலே இரண்டு பாதைகள் ஓடுகின்றன. பெரிய கூடத்தில் 5 டன் ஓவர்ஹெட் கிரேன் ஒன்று. பெயின்ட் அறைக்குப் போகும் வழியில் ஒற்றை ஐ-பீம். அதில் 1 டன் தூக்கும் ஹாய்ஸ்ட் தொங்கியபடி போய் வரும். பராமரிப்பு என் பொறுப்பு. இரண்டு பாதைகளின் கோடியிலும் ஓட்டத்தைத் தடுத்து நிறுத்த இருக்கிற ஸ்டாப்பர்களை மாற்றியே ஆகவேண்டும் என்ற நிலை சில மாதங்களுக்கு முன்னால் வந்தது.

அதைக் கண்டுபிடித்தது நான் இல்லை. கிரேன் ஓட்டும் புதுக்கோட்டைத் தம்பி டீ பிரேக்கில் வந்து, "அண்ணே, கடைசித் தூணுக்குக் கீழ கறுப்பா என்னமோ உதிர்ந்து கிடக்கு. கூட்டிவிட்டா மறுநாளும் கிடக்கு" என்றார். எலிப் புழுக்கை என்றுதான் முதலில் நினைத்தேன். சிசர் லிஃப்ட் எடுத்து மேலே போய்ப் பார்த்தால், கழுதை தேய்ந்து கட்டெறும்பாக ஆன மாதிரி, ஒரு பக்க ரப்பர் பாதிதான் மிச்சம் இருந்தது. எதிர்ப்பக்கம் ரப்பரே இல்லை. அதைப் பிடித்திருந்த போல்ட் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. கிரேன் எத்தனை நாளாக அந்த போல்டின் தலையில் போய் முட்டிக்கொண்டிருந்ததோ!

விலை கேட்டதில் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். ஒருவர் பழையபடி ரப்பரே போதும் என்றார். ஒருவர் அடியை வாங்கிக்கொள்ளும் பாலியூரித்தேன் நுரை பஃபர் என்றார். இன்னொருவர் ஹைட்ராலிக் இல்லாமல் பேச்சே இல்லை என்றார். நான்காமவர், "பஃபரை விடுங்கள், லிமிட் சுவிட்ச் போடுங்கள்" என்று வேறு திசைக்கே போய்விட்டார். முதலாளி கேட்டதோ ஒரே கேள்வி: எது நல்லது, எவ்வளவு? அதற்குப் பதில் தேடி உட்கார்ந்தபோது போட்ட கணக்கும் எடுத்த முடிவும்தான் இந்தக் கட்டுரை. இதே முடிவை எடுக்க வேண்டியவர்கள் தங்கள் பட்டறை எண்களைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் அடியின் கணக்கு. கிரேன் கோடியில் முட்டும்போது ஸ்டாப்பர் விழுங்க வேண்டிய ஆற்றல், எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் வருவது. எங்கள் கிரேனின் கர்டர், சக்கரப்பெட்டிகள், ஹாய்ஸ்ட் எல்லாம் சேர்ந்து சுமார் 6,000 கிலோ. முழு வேகம் நிமிடத்துக்கு 40 மீட்டர். அதாவது நொடிக்கு 67 சென்டிமீட்டர், ஆள் நடக்கும் வேகத்தில் பாதிதான். ஆனால் கணக்குப் போட்டால் ஏறத்தாழ 1,330 ஜூல் வருகிறது. 70 கிலோ ஆள் ஒருவர் இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற அடி அது. இரண்டு பக்கமும் சமமாகப் பகிர்ந்துகொண்டால் பக்கத்துக்கு 667 ஜூல்.

தூக்கிய சுமையை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். வயர் ரோப்பில் தொங்கும் சுமை கிரேனோடு சேர்ந்து நிற்காது. அது பாட்டுக்கு முன்னால் ஊஞ்சலாடும். அதனால் பஃபர் கணக்கில் அதைச் சேர்ப்பதில்லை. சுமை ஆடாதபடி விறைப்பான கம்பத்தில் பிடித்திருந்தால் மட்டும் அதன் எடையையும் சேர்க்க வேண்டும். இந்த ஊஞ்சல் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். உண்மையான ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

அந்த 667 ஜூல் எவ்வளவு தூரத்தில் கரைகிறது என்பதை வைத்துத்தான் அடியின் பலம் அமையும். வெறும் இரும்பில் முட்டி ஐந்து மில்லிமீட்டரில் நின்றால், சராசரியாகவே 13 டன்னுக்கு மேல் விசை தூணில் இறங்குகிறது. ரப்பர் 30 மில்லிமீட்டர் அமுங்கிக் கொடுத்தால் உச்ச விசை நாலரை டன் அளவுக்கு வரும். ரப்பர் அமுங்க அமுங்க இறுகுகிற பொருள் என்பதால் நிஜத்தில் இன்னும் கூடுதல்தான். 75 மில்லிமீட்டர் அமுங்குகிற நுரை பஃபரில் இரண்டு டன்னைக் கொஞ்சம் தாண்டும். 100 மில்லிமீட்டர் நீளம் உள்ளே போகிற ஹைட்ராலிக்கில் முக்கால் டன், கூடினால் ஒரு டன். நான்குக்கும் ஆற்றல் ஒன்றுதான், இறங்கும் அடியில்தான் இத்தனை வித்தியாசம். ஹைட்ராலிக் விற்பவர் காகிதத்தில் இதைக் காட்டும்போது யாரும் மயங்கத்தான் செய்வார்கள். நானும் மயங்கினேன்.

சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ரப்பரின் பலம் அதன் எளிமை. ஒரு இரும்புத் தட்டில் ஒட்டிய உருளை, பின்னால் ஒரு போல்ட், அவ்வளவுதான். விலை குறைவு, எந்தக் கடையிலும் கிடைக்கும். ஆனால் வாங்கிய ஆற்றலில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடும். கிரேன் முட்டிய கையோடு பின்னால் துள்ளும், தொங்குகிற சுமை இரட்டிப்பாக ஆடும். அப்புறம், எங்கள் மாதிரியான இடத்தில் ரப்பர் சீக்கிரம் கிழடாகிவிடுகிறது. கூரைத் தகரத்துக்கு அடியில் பகல் முழுக்க வெக்கை. கீழே நாள் முழுக்க வெல்டிங். வெல்டிங் ஆர்க்கிலிருந்து ஓசோன் கிளம்பும், இழுபட்ட ரப்பரை அது வெடிப்பு விட வைக்கும். ஹாய்ஸ்ட் கியர் பெட்டியிலிருந்து எண்ணெய் கசிந்தால் இயற்கை ரப்பர் ஊறி இளகிப் போகும். எங்கள் கடைசித் தூணுக்குக் கீழே உதிர்ந்து கிடந்தது இதெல்லாம் சேர்ந்த பலன்.

பாலியூரித்தேன் நுரை பஃபர் பார்ப்பதற்கு மஞ்சள் பஞ்சு உருளை மாதிரி இருக்கும். உள்ளே கோடிக்கணக்கான குட்டிக் காற்றறைகள். ரப்பரை அமுக்கினால் பக்கவாட்டில் பிதுங்கும். இது அதிகம் பிதுங்காமல் தன் நீளத்தில் முக்கால் பங்கு வரை சுருங்கிக்கொடுக்கும். துள்ளலும் ரப்பரைவிடக் குறைவு. நடுத்தரக் கிரேனுக்கு இதுதான் நியாயமான தேர்வு என்று படித்தேன். படித்ததில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை என்பது பிறகுதான் உறைத்தது. பாலியூரித்தேனில் இரண்டு குடும்பங்கள் உண்டு: பாலியெஸ்டர் வகை, பாலியீதர் வகை. பாலியெஸ்டர் வகை எண்ணெயைத் தாங்கும், ஆனால் ஈரக்காற்றில் நாளடைவில் சிதையும். பழைய ஷூவின் அடிப்பாகம் அலமாரியில் இருந்தபடியே பொடிப்பொடியாகப் போவதைப் பார்த்திருப்பீர்களே, அதே நோய். சிங்கப்பூர்க் காற்றின் ஈரப்பதம் சராசரியாகவே 80 சதவீதத்துக்கு மேல். அதனால் விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "எந்த வகை?" நான் கேட்ட இருவரில் ஒருவருக்குப் பதில் தெரியவில்லை. அவருடைய கொட்டேஷனை அப்படியே மடித்து வைத்துவிட்டேன்.

ஸ்பிரிங் பஃபரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாங்கியதை அப்படியே திருப்பிக் கொடுக்கும். அதிக வெப்பம் உள்ள வார்ப்பாலைகளில் அதற்கு இடம் உண்டு, எங்களுக்கு வேண்டாம்.

ஹைட்ராலிக் பஃபர் உண்மையிலேயே அழகான சாதனம். பிஸ்டன் உள்ளே போகும்போது எண்ணெய் சின்னச் சின்னத் துளைகள் வழியாகப் பிதுங்குகிறது, ஆற்றல் சூடாக மாறிக் கரைகிறது. துள்ளல் கிட்டத்தட்ட இல்லை. தொடக்கம் முதல் முடிவு வரை ஏறக்குறைய ஒரே விசையில் நிறுத்துவதால்தான் அடி அவ்வளவு குறைகிறது. துறைமுகக் கிரேன், உருக்காலைக் கிரேன் போன்ற பெரிய எடையும் பெரிய வேகமும் உள்ள இடத்தில் இதற்கு மாற்றே இல்லை என்பேன். எங்கள் இடத்தில் மூன்று சிக்கல்கள். ஒன்று, துளைகளின் அளவு குறிப்பிட்ட எடைக்கும் வேகத்துக்கும் பொருத்திச் செய்யப்படுவது. மெதுவாக வந்து முட்டினால் அது பெரிதாக எதிர்ப்பே காட்டாது. இரண்டு, சீல் போய் எண்ணெய் கசிந்தாலோ, பிஸ்டன் துருப்பிடித்து உள்ளேயே சிக்கிக்கொண்டாலோ அது வெறும் இரும்புக் கட்டைதான். மூன்று, நீளம். பஃபரின் உடலும் வெளியே நீட்டிய பிஸ்டனும் சேர்ந்து பாதையில் கணிசமான இடத்தைத் தின்றுவிடும், கொக்கி கடைசி லாரி நிற்கும் இடத்துக்கு எட்டாது. முதலாளிக்கு இந்த மூன்றாவது காரணம்தான் உடனே புரிந்தது.

இனி நான்காமவர் சொன்ன லிமிட் சுவிட்ச். சிலுவை வடிவக் கை உள்ள சுவிட்ச் ஒன்றைக் கிரேனின் சக்கரப்பெட்டியில் மாட்டி, பாதை ஓரத்தில் முளை வைப்பார்கள். முதல் முளை தட்டியதும் வேகம் குறையும். இரண்டாவது தட்டியதும் அந்தத் திசையில் மின்சாரம் நிற்கும், திரும்பி வர மட்டும் ஓடும். எங்கள் கிரேனில் மோட்டார் வேகத்தை மாற்றும் இன்வெர்ட்டர் ஏற்கெனவே இருப்பதால் மெதுவேகத்தை நிமிடத்துக்கு 10 மீட்டர் என்று வைக்க முடிந்தது. இப்போது பழைய கணக்கை மறுபடி போடுங்கள். வேகம் கால்பங்கானால் ஆற்றல் பதினாறில் ஒரு பங்கு. 1,330 ஜூல் இருந்த இடத்தில் 83. பக்கத்துக்கு 42 ஜூல். அதை விழுங்க ஹைட்ராலிக் எதற்கு? நல்ல ரப்பரே போதும்.

இதைப் பார்த்ததும் எனக்கு விஷயம் தெளிவானது. நாங்கள் இத்தனை நாள் கோடியில் என்ன வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தோம். கோடிக்கு எந்த வேகத்தில் வருகிறது என்பதை முதலில் தீர்மானித்திருந்தால் பாதிக் கேள்வி தானாகவே அடங்கியிருக்கும்.

ஆனால் சுவிட்ச் மட்டும் போதும் என்று அவர் சொன்னதை நான் ஏற்கவில்லை. சுவிட்ச் ஒட்டிக்கொள்ளலாம், முளை வளையலாம், மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் கான்டாக்டர் பற்றிக்கொண்டு விடாமல் போகலாம். அன்றைக்குக் கிரேன் முழு வேகத்தில்தான் வரும். அமெரிக்காவின் வேலையிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதி 1910.179, குறைந்தது 40 சதவீத வேகத்தில் வரும் கிரேனை நிறுத்தும் திறன் பஃபருக்கு வேண்டும் என்கிறது. அது நமக்குச் சட்டம் இல்லை, ஓர் அளவுகோல். அந்தக் கணக்கில் எங்களுக்குப் பக்கத்துக்கு 107 ஜூல் போதும். நான் கஞ்சத்தனம் பார்க்காமல் முழு வேகத்துக்கே, 667 ஜூலுக்கே பஃபர் கேட்டேன். பட்டனை அமுக்கிய விரல் பயத்தில் எடுபடாமலே இருந்துவிடுவதை நேரில் பார்த்திருக்கிறேன். ஹாய்ஸ்ட் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கும்போது அந்தப் பக்கத்து பஃபர்தான் அதிகம் வாங்கும், அதற்காகவும் கொஞ்சம் மிச்சம் வேண்டும்.

மெதுவேகப் பகுதியைக் கோடிக்கு 2 மீட்டர் முன்னால் தொடங்க வைத்தோம். முழு வேகத்திலிருந்து பதமாகக் குறைய ஒரு மீட்டர் சொச்சம் பிடிக்கிறது, மீதி கைக்காவல். முதல் வாரம் புலம்பல்தான். "அண்ணே, மூணு செகண்ட்ல போற தூரத்துக்கு இப்ப எட்டு செகண்ட் ஆகுது" என்றார் தம்பி. கணக்காகத்தான் சொன்னார். ஆனால் சுவிட்ச் நிறுத்தும் என்ற நம்பிக்கையில் பட்டனை விடாமலே கோடி வரை போகிற பழக்கம் வருகிறதா என்பதுதான் என் கவலை. சுவிட்ச் தவறுக்குக் காவல், தினசரி பிரேக் ஆகிவிடக் கூடாது. காலையில் முதல் ஓட்டத்தில் சுமையில்லாமல் ஒரு தடவை அதைத் தட்டிப் பார்ப்பதைச் செக்லிஸ்டில் சேர்த்திருக்கிறோம்.

ஒரே பாதையில் இரண்டு கிரேன் ஓடும் இடங்களில் இன்னொரு செலவு உண்டு. ஒன்றையொன்று அளந்து பார்க்கும் லேசர் அல்லது அகச்சிவப்புச் சாதனம் வேண்டும். நேருக்கு நேர் வந்தால் இரண்டு வேகமும் கூடும். எங்களுக்கு ஒன்றுதான், அதனால் அதற்குள் நான் போகவில்லை.

இனி பெயின்ட் அறைப் பாதை. இங்கே கணக்கு தலைகீழ். ஹாய்ஸ்டும் அதைத் தாங்கி பீமில் ஓடும் டிராலியும் சேர்ந்து 100 கிலோதான், வேகம் நிமிடத்துக்கு 20 மீட்டர். ஆற்றல் ஆறு ஜூல்கூட இல்லை. ஒரு கிலோ அரிசிப் பொட்டலம் மேசையிலிருந்து கீழே விழுவதைவிடக் குறைவு. இதற்குப் போய் பஃபர் ஒப்பீடு செய்வது வீண். ஒரு ரப்பர்த் துண்டு போதும்.

ஆனால் எங்களுக்கு உண்மையில் வயிற்றைக் கலக்கியது இந்தப் பாதைதான். பழைய ஹாய்ஸ்ட் பழுதாகிப் புதிது மாட்டியிருந்தோம். கோடியில் பீமின் நடுத்தகட்டைத் துளைத்துப் போட்ட போல்ட்தான் ஸ்டாப்பர். பழைய டிராலியின் பக்கத்தகடு அதில் சரியாக முட்டும். புதிய டிராலி அகலம். தகடுகள் போல்டின் இரு முனைகளையும் தாண்டிப் போய்விட்டன. சக்கரத்தின் விளிம்பு மட்டும் போல்டில் உரசி நின்றுகொண்டிருந்தது. அதையும் தாண்டினால் அடுத்து வெறும் காற்று. சிசர் லிஃப்ட் மேலே இருந்த அதே நாளில் தற்செயலாக இதையும் பார்த்தோம். அன்றைக்கே ஹாய்ஸ்டைப் பூட்டிவிட்டேன்.

மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு முன்னால் கல் வைக்கிறவர்களுக்கு இது தெரியும்: சின்னக் கல்லாக இருந்தால் சக்கரம் ஏறிப் போய்விடும். தண்டவாளத்தின் மேல் ஓடும் கிரேனின் டிராலிக்கு ஓஷா விதியும் அதையே எண்ணில் சொல்கிறது. சக்கரத்தில் முட்டும் ஸ்டாப்பரின் உயரம் சக்கரத்தின் ஆரத்துக்குக் குறையக் கூடாது. தொங்கும் டிராலிக்கு என் கருத்தில் சக்கரத்தில் முட்டவே கூடாது. இரண்டு பக்கத் தகடும் ஒரே நேரத்தில் முட்டும்படி ஸ்டாப்பர் அமைய வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் டிராலி கோணிக்கொள்ளும்.

பொருத்துவதில் மூன்று வழிகள் சொன்னார்கள். பீமின் விளிம்பில் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப், துளை போட்டு போல்ட், வெல்டிங். கிளாம்ப் வசதியானது, வேண்டிய இடத்துக்கு நகர்த்தலாம். அதுதான் அதன் குறையும். வெறும் உராய்வை நம்பி நிற்பது, அதுவும் பெயின்ட் படலத்தின் மேல். நூறு தடவை தட்டினால் ஒவ்வொரு தடவையும் ஒரு மயிரிழை நகரும். இடையில் எங்காவது நிறுத்த கிளாம்ப் இருக்கட்டும், பாதையின் கடைசியில் வேண்டாம். வெல்டிங் எங்களுக்குக் கைவந்த கலை, பசங்க பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். ஆனால் அடுத்த முறை ஹாய்ஸ்டைக் கழற்ற வேண்டுமென்றால் அறுக்க வேண்டும். சுமை ஏறி இறங்கும் பீமில் கண்ட இடத்தில் வெல்டிங் போட்டால் அந்த இடத்திலிருந்து விரிசல் தொடங்கவும் கூடும். நடுத்தகட்டில் துளை போட்டு, இரு பக்கமும் இரும்புக் கோணம் வைத்து, இரண்டு போல்ட் பூட்டி, நட்டின் மேல் ஒரு பெயின்ட் கோடு இழுப்பது என்று முடிவு செய்தோம். கோடு உடைந்திருந்தால் நட் சுழன்றிருக்கிறது என்று கீழே இருந்தே தெரியும்.

துளையோ வெல்டிங்கோ, கட்டடத்தின் அங்கமான பீம் என்றால் நம் இஷ்டத்துக்குச் செய்ய முடியாது. வாடகைக் கட்டடத்தில் இருப்பவர்கள் முதலில் உரிமையாளரிடமும் தொழில்முறைப் பொறியாளரிடமும் கேட்டுவிடுங்கள். நாங்கள் கேட்டோம். அதற்குத்தான் அதிக நாள் ஆனது.

ஊஞ்சலுக்கு வருகிறேன். ஸ்டாப்பர் நிறுத்துவது டிராலியை மட்டும்தான். 4 மீட்டர் கீழே தொங்கும் சுமை, நிமிடத்துக்கு 20 மீட்டர் வேகத்தில் வந்து டிராலி சட்டென்று நின்றால், சுமார் 21 சென்டிமீட்டர் முன்னால் போகும். பெரிய கிரேனின் முழு வேகத்தில் என்றால் 43 சென்டிமீட்டர். சுவரோரம் நின்று சுமையைக் கையால் பிடித்து வழிநடத்துகிறவருக்கு அந்த 43 சென்டிமீட்டர் போதும். எந்த பஃபரும் இதைத் தடுக்காது. ஹைட்ராலிக் கொஞ்சம் குறைக்கும், ரப்பர் துள்ளலால் கூட்டும். மெதுவேகம் ஒன்றுதான் அதை 11 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தது. நான் சுவிட்சுக்கு முதலிடம் கொடுத்ததற்குப் பஃபர் விலையைவிட இதுதான் பெரிய காரணம்.

செலவுப் பேச்சில் ஒன்றை யாரும் கொட்டேஷனில் எழுதுவதில்லை. மேலே ஏறும் செலவு. 3 மீட்டருக்கு மேலே விழும் வாய்ப்புள்ள வேலை என்றால் இங்கே பர்மிட் வேண்டும். சிசர் லிஃப்ட் வாடகை, அதை ஓட்டப் பயிற்சி பெற்ற ஆள், மின்சாரத்தைப் பூட்டிவிட்டு அரை நாள் நிற்கும் கிரேன். எங்கள் பழைய ரப்பரின் விலையைவிட அதை மாற்றும் செலவு பல மடங்கு. அதனால் மலிவான ரப்பரை அடிக்கடி மாற்றுவது மலிவில்லை. யானை வாங்கியவர் அங்குசத்துக்குப் பேரம் பேசுவது போல எங்கள் முதலாளியும் பேசத்தான் செய்தார். லிஃப்ட் வாடகைச் சீட்டை முன்னால் வைத்ததும் பேச்சை நிறுத்திவிட்டார்.

கடைசியில் பெரிய கிரேனுக்கு இரண்டு கட்ட லிமிட் சுவிட்சும், 667 ஜூல் தாங்கும் பாலியீதர் நுரை பஃபர் நான்கும் வாங்கினோம். பெயின்ட் அறைப் பாதைக்கு, புதிய டிராலியின் அகலத்துக்கு அளந்து செய்த இரும்புக் கோணமும் ரப்பர்த் துண்டும். பெயின்ட் அறையில் தின்னர் ஆவி உண்டு என்பதால் ரப்பரை நைட்ரைல் வகையாகக் கேட்டோம்; அதுவும் எல்லாக் கரைப்பானையும் தாங்காது, ஆறு மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும்.

தூக்கும் இயந்திரங்களை மனிதவள அமைச்சின் அங்கீகாரம் பெற்ற ஆய்வாளர் 12 மாதத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும் என்பது இங்குள்ள விதி. அடுத்த ஆய்வு வரை காத்திருக்காமல் மாற்றம் முடிந்ததுமே அவரைக் கூப்பிட்டோம். அவர் பஃபரைத் தட்டிப் பார்த்தார், நட்டின் மேல் இருந்த கோட்டைப் படம் எடுத்துக்கொண்டார், பிறகு கீழே இறங்கி, "தரையில் கோடு எங்கே?" என்று கேட்டார். சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி மஞ்சள் கோடு போடும் வேலை அன்று மாலையே புதுக்கோட்டைத் தம்பியின் தலையில் விழுந்தது. பெயின்ட் மட்டும் கடையில் வாங்க வேண்டியிருக்கவில்லை.